பேட்ரிக் ஓ'பிரையன்: அறுபதாம் பக்கத்தில் நிற்கிறேன், மேலே படிக்கலாமா?

புதுவை வாசகி:

வணக்கம். கடல் நாவல்கள் படிக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு அவருடைய அலமாரியை ஒழுங்கு செய்தபோது பேட்ரிக் ஓ'பிரையனின் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' கிடைத்தது. முதுகு கிழிந்த பழைய பேப்பர்பேக். 112ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதற்கு மேல் படித்தாரா, அங்கேயே நிறுத்திவிட்டாரா என்று தெரியவில்லை. அப்பா பிரெஞ்சு வாத்தியார். ஆங்கில நாவல் அதிகம் படிக்க மாட்டார். அதனாலேயே இதை எதற்கு வாங்கினார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

2003இல் வந்த படத்தைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் ஆரம்பமும் மிகவும் பிடித்தது. மினோர்கா தீவில் ஒரு கச்சேரி, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேர் தாளம் போடுவதில் சண்டைக்கு வருகிறார்கள், மறுநாள் நண்பர்களாகிவிடுகிறார்கள். அப்புறம் கப்பலில் ஏறியதும் பாய்களின் பெயர், கயிறுகளின் பெயர், மரங்களின் பெயர். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். அறுபதாம் பக்கத்தோடு நின்றுபோனது.

இந்த நேரத்தில் ஆசிரியரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் ஐரிஷ்காரரே இல்லை, பேரே வேறு, பாய்க்கப்பல் ஓட்டத் தெரியாதவர் என்றெல்லாம் இருந்தது. எனக்கு மனசு விட்டுப்போனது. வாழ்ந்த வாழ்க்கையை மறைத்த ஒருவர் எழுதிய இருபது நாவல்களுக்குள் நான் ஏன் இறங்க வேண்டும்? படித்தவர்கள் சொல்லுங்கள். படிக்கலாம் என்றால் எங்கிருந்து, எப்படி?

தோணிக்காரர் பேரன்:

சகோதரி, படியுங்கள். முதல் புத்தகத்திலிருந்தே படியுங்கள். அகராதியை மட்டும் மூடிவிடுங்கள்.

என் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவர். வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்பு போய்வந்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார். பருமல், அணியம், நீவாடு, கச்சான் என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கும். எனக்கு ஏழெட்டு வயது, பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் தோணி எந்த இடத்தில் ஆபத்தில் மாட்டியது, எந்த இடத்தில் தப்பியது என்று தாத்தாவின் குரலே சொல்லிவிடும். ஓ'பிரையனையும் அப்படித்தான் நான் படித்தேன். இருபதையும் இரண்டு சுற்று முடித்து, மூன்றாவது சுற்றில் பத்தாவது நாவலில் இருக்கிறேன். இன்றுவரை சில கயிறுகள் எங்கே கட்டப்படுகின்றன என்று எனக்குத் தெரியாது.

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தக் கச்சேரியில் சண்டை போட்ட இருவரில் ஒருவரான டாக்டர் ஸ்டீபன் மட்டூரினைக் கப்பலில் ஏற்றியிருக்கிறார். நீங்கள் நின்ற இடம் மௌவெட் என்ற இளைஞன் டாக்டரைப் பாய்மரத்தின் மேலே கூட்டிப்போய் ஒவ்வொன்றாக விளக்கும் இடமாக இருக்கலாம். அங்கே டாக்டருக்கும் ஒன்றும் ஏறாது. எத்தனையோ வருடம் கடலில் இருந்த பிறகும் படகிலிருந்து கப்பலுக்கு ஏறும்போது தண்ணீரில் விழுகிற மனிதர் அவர். அவர் தோளோடு ஒட்டிக்கொண்டு போனால் போதும்.

ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் சண்டைகள் எல்லாம் புரியும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நிற்கும் கப்பலுக்கு மேல்கை. அது நினைத்தால் காற்றோடு இறங்கி வந்து மோதும், நினைத்தால் தள்ளியே நிற்கும். காற்றுக்குக் கீழே இருப்பவன் மோத வேண்டுமென்றால் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறி வர வேண்டும். பல பக்கங்களுக்கு நீளும் துரத்தல்கள் எல்லாம் இந்த ஒரு இடத்தைப் பிடிக்கத்தான்.

அறுபதில் நிற்காமல் ககாஃபுகோ என்ற ஸ்பானியக் கப்பலோடு நடக்கும் சண்டைவரை போய்விடுங்கள். அது கற்பனை என்று நினைப்பீர்கள். கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. 1801 மே 6ஆம் தேதி, பார்சிலோனாவுக்கு அருகே. தாமஸ் காக்ரன் என்ற 25 வயதுத் தளபதி. அவருடைய ஸ்பீடி கப்பலில் நாலு பவுண்டு குண்டு போடும் பீரங்கிகள் 14 மட்டுமே. ஒரு பக்கத்துப் பீரங்கிகளின் குண்டுகள் அத்தனையையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நடந்தேன் என்று பிறகு தன் சுயசரிதையில் எழுதினார். எதிரே எல் காமோ, 32 பீரங்கிகள், 319 ஆட்கள். ஸ்பீடியில் அன்று இருந்தவர்கள் 54 பேர். காக்ரன் என்ன செய்தார் தெரியுமா? விலகி நின்று சுட்டால் நொறுங்கிவிடுவோம் என்று நேராகப் போய் எல் காமோவின் விலாவோடு ஒட்டிக்கொண்டார். உயரமான கப்பலின் குண்டுகள் ஸ்பீடியின் தலைக்கு மேலே பறந்தன. ஸ்பீடியின் சின்னப் பீரங்கிகளோ கீழிருந்து மேல்நோக்கி எதிரியின் தளத்தைத் துளைத்தன. கடைசியில் எல்லோரும் எதிரிக் கப்பலில் ஏறிக் குதித்தபோது சுக்கானில் மிஞ்சி நின்றது கப்பலின் டாக்டர் ஒருவர்தான், கத்ரி என்று பெயர். ஸ்பீடியின் பக்கம் இறந்தவர்கள் 3 பேர்.

இவ்வளவும் நடந்தபடியே கையில் இருக்கும்போது ஒரு நாவலாசிரியர் என்ன சேர்க்க முடியும்? ஓ'பிரையன் சேர்த்தது, ஜெயித்த பிறகு கதையின் கப்பல் தளபதி ஜாக் ஆப்ரிக்கு, அதாவது கச்சேரியின் இன்னொரு ஆளுக்கு, என்ன ஆகிறது என்பதை. பதவி உயர்வு வராத கசப்பு, நண்பனோடு பேச்சில் வரும் விரிசல், இரவில் வயலினும் செல்லோவும். காக்ரன் 1814இல் பங்குச்சந்தை மோசடி வழக்கில் மாட்டிக் கடற்படையிலிருந்து தூக்கியெறியப்பட்டார். அதுவும் ஜாக்கின் வாழ்க்கையில் பதினோராவது நாவலில் வருகிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. தண்டனை மேடையில் ஜாக் நிற்க, சதுக்கம் முழுக்கக் கூடிய மாலுமிகள் செய்யும் காரியத்தை இங்கே சொல்ல மாட்டேன்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

அவர் பிறந்தது 1914 டிசம்பர் 12, இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில். பெயர் ரிச்சர்ட் பேட்ரிக் ரஸ். அப்பா டாக்டர், ஜெர்மானிய வம்சம். ஒன்பது பிள்ளைகளில் இவர் எட்டாவது. சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். உடம்பும் சுகமில்லாத பிள்ளை. ஆனால் பதினைந்து வயதில் முதல் புத்தகம் அச்சாகிவிட்டது. 1938இல் இந்தியாவில் நடக்கும் ஒரு யானைப்பாகன் பையனின் கதையை எழுதினார், 'ஹுசைன்' என்று பெயர். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. கடலைப் பற்றி எழுதுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, போகாத இடத்தை ஏட்டிலிருந்து எழுப்பப் பழகியவர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் மனைவி எலிசபெத், இரண்டு குழந்தைகள். 1940இல் அவர்களை விட்டுப் பிரிந்தார். லண்டனில் குண்டு விழுந்த நாட்களில் ஆம்புலன்ஸ் ஓட்டினார், அங்கே மேரியைச் சந்தித்தார், 1945இல் மணந்தார். அதே ஆண்டு சட்டப்படி பெயரை ஓ'பிரையன் என்று மாற்றிக்கொண்டார். சில வருடம் வேல்ஸ் மலைப்பள்ளத்தாக்கில் ஒரு சின்ன வீட்டில் வறுமையோடு இருந்துவிட்டு, 1949இல் பிரான்ஸின் தென்கோடியில் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய கொலியூர் என்ற மீன்பிடி ஊருக்குப் போனார்கள். சாகும்வரை அதுதான் ஊர். கொஞ்சம் திராட்சைத் தோட்டம், கையெழுத்தில் அவர் எழுத மேரி தட்டச்சு செய்வார். வயிற்றுப்பாட்டுக்குப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பு. 'பாப்பியோன்' ஆங்கிலத்தில் வந்தது அவர் கையால்தான். உங்கள் அப்பா பிரெஞ்சு வாத்தியார் என்றதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஹார்ன்புளோவர் கதைகளை எழுதிய ஃபாரஸ்டர் 1966இல் இறந்ததும், அந்த இடத்தை நிரப்ப ஒரு கடல் நாவல் வேண்டும் என்று அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று இவரைக் கேட்டது. 1740களில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஆன்சன் உலகைச் சுற்றிய பயணத்தை வைத்து இவர் முன்பே எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் கேட்டார்கள். 1969இல் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' வந்தபோது அவருக்கு 54 வயது. பெரிதாக விற்கவில்லை. இடையில் அமெரிக்காவில் வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். இருபது வருடம் கழித்து 1990இல் நார்ட்டன் பதிப்பகம் திரும்ப எடுத்து வெளியிட்டது, 1991 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் புத்தகப் பகுதியின் முகப்பில் ஒரு கட்டுரை வந்தது, அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது 76 வயது. அத்தனை வருடமும் யாரும் கவனிக்காமலே ஒரே கதையை, ஒரே இரண்டு நண்பர்களை, தரம் குறையாமல் எழுதிக்கொண்டிருந்தார். என் மதிப்பில் அது பெரிய காரியம்.

கப்பல் ஓட்டத் தெரியாது என்பது உண்மைதான். 1995இல் டாம் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் தன் பாய்க்கப்பலில் இவரை அழைத்துப்போனார். நடைமுறையில் இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று பிறகு வியந்து எழுதினார். அப்படியானால் அந்தக் கடல் எங்கிருந்து வந்தது? லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கப்பல் நாட்குறிப்புகள், தளபதிகள் கடற்படைத் தலைமைக்கு எழுதிய கடிதங்கள், ராணுவ நீதிமன்ற வாக்குமூலங்கள். வருடக்கணக்காக உட்கார்ந்து படித்திருக்கிறார். காற்றின் திசை, செத்தவன் பெயர், மிச்சமிருந்த தண்ணீர்ப் பீப்பாய் என்று நாலு வரியில் முடியும் நாட்குறிப்பை அவர் நானூறு பக்கமாக விரித்தார். என் தாத்தாவுக்குக் கடல் தெரியும், ஆனால் எழுதத் தெரியாது. அவரோடு போன கடல் போனதுதான். அதனால் ஏட்டிலிருந்து கடலைக் கொண்டுவந்த மனிதரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

ஐரிஷ்காரர் என்று மற்றவர்கள் நம்ப விட்டது பொய்தான். 1998இல் ஒரு லண்டன் நாளிதழ் பழைய கதையை வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் மேரி இறந்திருந்தார். கிழவர் நொறுங்கிப்போனார். ஆனாலும் இருபதாவது நாவலை முடித்தார், 1999இல் வந்தது. 2000 ஜனவரி 2ஆம் தேதி டப்ளினில் இறந்தார். இருபத்தோராவது பாதியில் நின்றது. அதை அப்படியே பாதியாகவே அச்சிட்டிருக்கிறார்கள். நான் இரண்டு முறையும் அதைத் தொடவில்லை.

பாளை மருத்துவன்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் அரசு மருத்துவமனையில் இருபது வருடம் அறுவை சிகிச்சை செய்தவன். முதல் நாவலில் பீரங்கிக்காரர் ஒருவரின் மண்டையோட்டை மட்டூரின் திறக்கிறார். கப்பலுக்குள் இருட்டு, அதனால் மேல்தளத்தில், நல்ல வெயிலில், மாலுமிகள் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க. திறந்த ஓட்டையை மூட ஒரு வெள்ளி நாணயத்தைத் தட்டி வளைத்துப் பொருத்துகிறார். மயக்க மருந்து வருவதற்கு நாற்பது வருடம் முந்தைய காலம். அந்தப் பக்கங்களில் எனக்கு ஒரு தவறும் தென்படவில்லை.

என்னை இன்னும் தொட்டது, அந்த டாக்டரே அபின் கலந்த லாடனத்துக்கு அடிமையாவது. இன்றைக்கு இத்தனை சொட்டு, நாளைக்குக் குறைத்துக்கொள்வேன் என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொள்வார். புத்திசாலியான நோயாளிகள் அப்படித்தான் பேசுவார்கள். எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

கீழவீதி:

எல்லோரும் பாராட்டுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

1940இல் அவர் விட்டுப்போன இரண்டு குழந்தைகளில் சின்னவள் ஜேன். முதுகுத்தண்டு பிளவோடு பிறந்தவள். 1942இல், மூன்று வயதில் இறந்துபோனாள். என் மகனுக்கும் அதே குறைபாடு. இப்போது பதினாறு வயது. சிறுநீர்க் குழாய் மாற்றுவதிலிருந்து பள்ளி வாசலில் சாய்தளம் கேட்டு நின்றதுவரை எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பள்ளி கடைசிவரை போடவில்லை. அப்படி ஒரு குழந்தையை எலிசபெத்தின் கையில் கொடுத்துவிட்டு ஒருவர் போகிறார். போர்க்காலம் என்கிறார்கள். போர் எலிசபெத்துக்கும்தானே.

மூன்று நாவல் படித்திருந்தேன். மூன்றாவதில் பம்பாய்த் தெருவில் தில் என்று ஒரு சிறுமி வருகிறாள், டாக்டர் அவள்மேல் அவ்வளவு பாசம் வைக்கிறார். அழுதுகொண்டே படித்தேன். பிறகு ஜேனைப் பற்றித் தெரிந்தது. நாலாவதை எடுக்கவில்லை. மற்றவர்கள் படிக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். என்னால் முடியவில்லை.

தோணிக்காரர் பேரன்:

அம்மா, நீங்கள் சொன்னதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அவருடைய மகனும் மன்னிக்கவில்லை. வளர்ந்த பிறகு தன் பெயரைத் திரும்பவும் ரஸ் என்றே மாற்றிக்கொண்டார். தில் வருகிற பக்கங்களை நான் அடுத்த முறை படிக்கும்போது ஜேனை நினைக்காமல் படிக்க முடியாது. உங்கள் மகனுக்கு என் அன்பு.

கடற்கரைச் சாலை:

புதுவை வாசகிக்கு. உங்கள் அப்பா ஏன் வாங்கியிருப்பார் என்று கேட்டீர்கள். நானும் புதுச்சேரிதான். எனக்கு ஒன்று தோன்றுகிறது.

முதல் நாவலின் முடிவில் ஜாக்கின் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டிக்கொள்ளும். அதுவும் நடந்தது. 1801 ஜூலை 3ஆம் தேதி காக்ரனின் ஸ்பீடியைப் பிடித்தது அட்மிரல் லினுவாவின் படை. பிடித்த தெசே கப்பலின் தளபதி கிறிஸ்டி பல்லியேர், இவ்வளவு நேரம் போராடிய வீரரின் வாளை வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த லினுவா இரண்டு வருடம் கழித்து வந்தது எங்கே தெரியுமா? நம்ம ஊருக்கு. 1802 அமியான் ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரான்ஸுக்குத் திருப்பித் தர வேண்டும். அதை வாங்கிக்கொள்ள மாரெங்கோ என்ற 74 பீரங்கிக் கப்பலில், ஜெனரல் டெக்கானோடு 1803 ஜூலையில் வந்து நங்கூரம் போட்டார். ஆங்கிலேயர் கொடுக்கவில்லை. ரெய்னியரின் ஆங்கிலப் படை பக்கத்திலேயே காவல் நின்றது. மறுபடி போர் மூளப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும் லினுவா இரவோடு இரவாக மொரீஷியஸ் பக்கம் கிளம்பிப் போய்விட்டார். புதுச்சேரி பிரான்ஸுக்குத் திரும்ப இன்னும் பதிமூன்று வருடம் ஆனது.

மூன்றாவது நாவலில் அதே லினுவா திரும்ப வருகிறார். சீனாவிலிருந்து தேயிலை ஏற்றி வரும் கம்பெனிக் கப்பல்களை மடக்கப் பார்ப்பார். அது 1804 பிப்ரவரியில் மலாக்கா நீரிணைக்கு அருகே புலோ அவுராவில் நடந்தது. போர்க்கப்பல் காவலே இல்லாத வணிகக் கப்பல்கள், சிலவற்றில் கடற்படைக் கொடியை ஏற்றி வரிசை கட்டி நின்று அவரையே விரட்டிவிட்டன. நெப்போலியன் அதை மறக்கவே இல்லை. நாலாவது நாவல் முழுக்க மொரீஷியஸ் போர். அந்தத் தீவை 1810 டிசம்பரில் பிடித்த படையில் மெட்ராஸிலிருந்து போன சிப்பாய்களும் இருந்தார்கள்.

கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் மாரெங்கோ எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று பார்ப்பேன். துறைமுகம் கிடையாது, திறந்த கடல். பெரிய கப்பல் கரையிலிருந்து தள்ளித்தான் நிற்க முடியும். சலங்குப் படகில்தான் கரைக்கு வந்திருப்பார்கள்.

புதுவை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. கீழவீதி அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பதில் எழுத வார்த்தை வரவில்லை.

அகராதியை மூடிவிட்டுப் படித்தேன், தோணிக்காரர் ஐயா. பதினோரு நாளில் முடிந்தது. சண்டையில் டாக்டர் சுக்கானைப் பிடிக்கும் இடத்தை அலுவலகத்திலிருந்து வரும் பஸ்ஸில் படித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி முத்தியால்பேட்டைவரை போய்விட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கடைசி அத்தியாயங்களில் லினுவாவின் பெயர் வரும் பக்கத்தில், ஓரத்தில் பென்சிலால் '1803 ஜூலை' என்று எழுதியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் கோடு போடுவார், பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி. கீழே சின்னதாக மூன்றாவது புத்தகத்தின் பெயரும், அதற்கு 1973 என்ற வருடமும். அந்த ஏழில் கோடு இருக்கிறது.

மூன்றாவது புத்தகம் அலமாரியில் இல்லை. புதுச்சேரியிலோ சென்னையிலோ பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். புதுசு வேண்டாம்.